பேச்சில் அழுத்தத்தைக் கண்டறியும் நிரல் பிழைபடும்போது: அறிகுறி வாரியான பிழை நீக்கம்

பதிவு செய்யப்பட்ட பேச்சில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது, எந்தச் சொல்லைப் பேசுபவர் வலியுறுத்துகிறார் என்பதைத் தானாகக் கண்டறியும் நிரல்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றேதான். ஒலிக்கோப்பையும் அதன் எழுத்து வடிவத்தையும் அலைனர் என்னும் கருவி பொருத்தி, ஒவ்வோர் ஒலியும் எந்த மில்லி விநாடியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கிறது. அந்த எல்லைகளுக்குள் சுருதி, ஒலிச்செறிவு, கால அளவு, நிறமாலைச் சாய்வு (தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களுக்கு இடையே ஆற்றல் பங்கிடப்படும் விதம்) ஆகியவை அளக்கப்பட்டு, பேசுபவருக்கு ஏற்பச் சீராக்கப்பட்ட பின், அழுத்தம் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வகைப்படுத்தியிடம் செல்கின்றன. முடிவு பிழையாக வரும்போது பலரும் முதலில் கை வைப்பது கடைசிப் படியான வகைப்படுத்தியில்தான். கோளாறோ பெரும்பாலும் அதற்கு முந்தைய படிகளில் கிடக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒலி, எல்லைகள், சுருதி, சீராக்கம், லேபிள் (பழக்கத் தரவில் இடப்பட்ட ‘அழுத்தம் உண்டு, இல்லை’ என்ற குறி), மாதிரி என்ற வரிசையிலேயே சோதித்துக்கொண்டு வருவது நல்லது.

எதையும் திருத்தத் தொடங்கும் முன், நிரல் செய்ய வேண்டிய வேலை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘பெர்மிட்’ என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையிலும், வினைச்சொல்லாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுகிறது. இது அகராதியில் எழுதிவைக்கக்கூடிய அசையழுத்தம். ஒரு வாக்கியத்தில் ‘நேற்று இல்லை, இன்று’ என்று ஒரு சொல்லை எடுத்துக்காட்டுவது வலியுறுத்தல். இதை எந்த அகராதியும் சொல்லாது, பேசுபவரின் நோக்கமே சொல்லும். வலியுறுத்தப்பட்ட சொல்லில் அழுத்தம் பெற்ற அசைதான் சுருதி உயர்வைத் தாங்கும் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. ஒன்றுக்குப் பழக்கிய நிரலை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது இத்துறையில் மிகப் பரவலான தவறு. ஸ்லூய்ட்டர், வான் ஹூவன் ஆகிய இருவரும் 1996-இல் டச்சு மொழியில் செய்த ஆய்வு இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது. சொல் வலியுறுத்தப்படாத இடத்திலும், அழுத்தம் பெற்ற அசையில் 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளின் ஆற்றல் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. அசையழுத்தத்தைத் தேடும் நிரலில் சுருதி மட்டும் இருந்து நிறமாலைச் சாய்வு இல்லையென்றால், வலியுறுத்தப்படாத சொற்களில் அது தடுமாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: சில குரல்களில் சரியாக வருகிறது, சில குரல்களில் தாறுமாறாக வருகிறது

சுருதி அளவீட்டில் ஏற்படும் இரட்டிப்பு, பாதியாதல் ஆகிய பிழைகளே இதற்கு முதன்மைக் காரணம். இதைக் கண்ணால் பார்த்தாலொழிய நம்புவது கடினம். பேச்சொலியை ஆராய உதவும் ‘ப்ராட்’ மென்பொருளில் கோப்பைத் திறந்து, தவறாகக் குறிக்கப்பட்ட சொல்லின் சுருதிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆண் குரல் ஒன்றில் வாக்கியம் முடியும் இடத்தில் 112, 109, 107 என்று இறங்கி வரும் எண்கள் திடீரென்று 54, 53 என்று பாதியாகி, அடுத்த அசையில் 205 என்று எகிறினால், அங்கே பேசுபவர் எதையும் வலியுறுத்தவில்லை. குரல் கரகரத்துத் தளர்ந்திருக்கிறது, கருவி அதன் அலைச்சுற்றை ஒருமுறை இரண்டாகவும் ஒருமுறை பாதியாகவும் எண்ணியிருக்கிறது. வகைப்படுத்தியின் கண்ணுக்கோ அது ஓர் எண்மத்துக்கும் (சுருதி இருமடங்காகும் தொலைவுக்கும்) மேற்பட்ட தாவல். அதைவிடப் பெரிய வலியுறுத்தல் அந்தக் கோப்பில் வேறு எங்கும் இருக்காது.

சுருதியை அளக்கும் ப்ராட்டின் ‘டு பிட்ச்’ கட்டளை நெடுங்காலம் 75 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையான எல்லையை இயல்பாக வைத்திருந்தது. இவ்வளவு அகன்ற எல்லையை எல்லாக் குரல்களுக்கும் அப்படியே விட்டுவிட்டால் இரட்டிப்பு, பாதியாதல் பிழைகள் வரவே செய்யும். ஆண், பெண் என்று இரண்டு எல்லைகளை வைப்பதும் போதாது. தாழ்ந்த குரலில் பேசும் பெண்களும் உயர்ந்த குரலில் பேசும் ஆண்களும் ஒவ்வொரு தரவுத்தொகுப்பிலும் உண்டு. டானியல் ஹர்ஸ்ட் பரிந்துரைத்த இருமுறை அளவீடே இதற்கு நம்பகமான வழி. முதல் முறை அகன்ற எல்லையில் அளந்து, அந்தப் பேச்சாளருடைய சுருதி மதிப்புகளின் முதல் கால்மானத்தை (கால்வாசி மதிப்புகள் இதற்குக் கீழே இருக்கும்) 0.75-ஆலும் மூன்றாம் கால்மானத்தை (முக்கால்வாசி இதற்குக் கீழே இருக்கும்) 1.5-ஆலும் பெருக்கிப் புதிய கீழ், மேல் எல்லைகளாகக் கொண்டு, இரண்டாம் முறை அளக்க வேண்டும். உணர்ச்சி மிகுந்த பேச்சுக்கு மேல் எல்லைப் பெருக்கியை 2.5 வரை உயர்த்தலாம். ஒரு வாக்கியத்தின் மதிப்புகளை மட்டும் வைத்து இக்கணக்கைச் செய்யக் கூடாது. அந்தப் பேச்சாளரின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கரகரப்பைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கீழ் எல்லையை மிகவும் தாழ்த்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலையை அதன் சற்றுத் தள்ளிய நகலோடு ஒப்பிட்டுச் சுற்றைக் கண்டறியும் ப்ராட்டின் தன்னொட்டுறவு முறையில், ஒரு நேரத்தில் எடுத்துப் பார்க்கும் ஒலித்துண்டான பகுப்பாய்வுச் சாளரத்தின் நீளம் கீழ் எல்லையின் மூன்று சுற்றுகளுக்குச் சமம். 75 ஹெர்ட்ஸில் அது 40 மில்லி விநாடி. 40 ஹெர்ட்ஸில் 75 மில்லி விநாடியாகிவிடுகிறது. விரைந்த பேச்சில் ஒரு குறுகிய அசையின் உயிரொலி முழுவதும் அந்தச் சாளரத்துக்குள் அடங்கிவிடும், நாம் தேடும் ஏற்றமே மழுங்கிப்போகும். இதற்குப் பதிலாக, எண்மத் தாவலுக்கான தண்டத்தை (சுருதி திடீரென்று தாவும் பாதைக்குக் கருவி கழிக்கும் மதிப்பெண்ணை) அதன் இயல்பு மதிப்பான 0.35-இலிருந்து சற்று உயர்த்திப் பார்ப்பதும், கரகரத்த பகுதிகளைச் சுருதி இல்லாதவை என்றே விட்டுவிட்டு அங்கே பிற அளவுகளை மட்டும் நம்புவதும் மேலானவை.

எல்லைகள் சரியான பிறகும் பெண் குரல்களில் மிகையாகவும் ஆண் குரல்களில் குறைவாகவும் அழுத்தம் குறிக்கப்பட்டால், சுருதியை ஹெர்ட்ஸிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். 100-இலிருந்து 120-க்கு ஏறுவதும் 200-இலிருந்து 240-க்கு ஏறுவதும் செவிக்கு ஒரே அளவு ஏற்றம்தான். ஹெர்ட்ஸ் கணக்கில் ஒன்று 20, மற்றொன்று 40. பேச்சாளரின் இடைநிலை மதிப்பை அடிப்படையாகக் கொண்டு அரைச்சுர அளவுக்கு மாற்றினால் இரண்டுமே ஏறத்தாழ 3.2 ஆகிவிடும்.

அறிகுறி: வாக்கியத்தின் கடைசிச் சொல் எப்போதும் அழுத்தம் பெற்றதாக வருகிறது

தொடர் முடியும் இடத்தில் பேசுபவர் இயல்பாகவே ஒலிகளை நீட்டுகிறார். மொழிகள் பலவற்றிலும் காணப்படும் இந்த இறுதி நீட்சி, கால அளவை நம்பும் எந்த நிரலையும் ஏமாற்றும். சோதிப்பது எளிது: நிரல் தவறாக அழுத்தம் என்று குறித்த சொற்களில் எத்தனை, இடைவெளிக்கு முன்னால் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி அங்கேயே குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

இதற்கான தீர்வு, கடைசிச் சொல்லின் மதிப்பெண்ணை ஏதோ ஓர் எண்ணால் குறைப்பதன்று; அப்படிச் செய்தால் உண்மையிலேயே வாக்கியத்தின் இறுதியில் வலியுறுத்தப்படும் சொற்களை இழந்துவிடுவீர்கள். ஆங்கிலச் செய்தி வாசிப்பில் அத்தகைய சொற்கள் ஏராளம். ஒவ்வொரு சொல்லும் தொடரின் எல்லையிலிருந்து எத்தனை அசை தொலைவில் உள்ளது, அதன் பின் மௌனம் எவ்வளவு என்பனவற்றையும் பண்புகளாகச் சேர்த்து, இறுதி அசைகளின் கால அளவைப் பிற இறுதி அசைகளோடு மட்டுமே ஒப்பிட்டுச் சீராக்க வேண்டும். இறுதி நீட்சி கடைசி அசையில் மிகுதியாகக் குவிகிறது. வலியுறுத்தலோ அழுத்தம் தாங்கும் அசையிலும் அதன் தொடக்க மெய்யிலும் தெரிகிறது. எனவே மூன்றசைச் சொல்லில் முதல் அசை நீண்டிருக்கிறதா, கடைசி அசை நீண்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இதன் மறுபக்கமாக, முதற்சொல் எப்போதும் அழுத்தம் பெற்றதாக வருவதும் உண்டு. வாக்கியம் போகப்போகச் சுருதி மெல்ல இறங்கிக்கொண்டே வருவதால், தொடக்கச் சொற்கள் வெறும் எண் கணக்கில் உயர்ந்து நிற்கின்றன. மனிதச் செவி இந்தச் சரிவைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. ஜேனட் பியர்ஹம்பர்ட் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியத்தின் இரண்டு முகடுகள் ஒரே சுருதியில் இருப்பதாகக் கேட்போருக்குப் படும்போது உண்மையில் இரண்டாவது முகடு தாழ்ந்தே இருந்தது. நிரலும் அதைப்போலவே கேட்க வேண்டுமானால், ஒவ்வொரு தொடருக்கும் ஒரு சரிவுக்கோட்டைப் பொருத்தி, அக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அளவாகக் கொள்ள வேண்டும். கோட்டை முகடுகளின் மேல் பொருத்தாமல் பள்ளங்களை ஒட்டிப் பொருத்துவது நிலையான முடிவு தரும். வலியுறுத்தல் முகடுகளை அலைக்கழிக்குமளவு பள்ளங்களை அலைக்கழிப்பதில்லை.

அறிகுறி: ‘ஆ’ போன்ற திறந்த உயிர்கள் உள்ள அசைகளே அழுத்தம் பெறுகின்றன

வாயை அகலத் திறந்து ஒலிக்கும் உயிர்கள் இயல்பிலேயே உரத்தும் நீண்டும் ஒலிப்பவை. ‘இ’, ‘உ’ போன்ற மேலுயிர்கள் இயல்பிலேயே சற்று உயர்ந்த சுருதி கொண்டவை. ஒலிப்பிலா வல்லின மெய்க்குப் பின் தொடங்கும் உயிரின் சுருதியும் தொடக்கத்தில் சில மில்லி விநாடிகளுக்கு உயர்ந்து நிற்கும். இவை யாவும் வாயின் இயற்பியல், பேசுபவரின் நோக்கம் அன்று. ஒவ்வோர் அளவையும் அந்த ஒலிக்குரிய சராசரியோடு ஒப்பிட்டுச் சீராக்கினால் இது தீர்ந்துவிடும். மெய்க்குப் பின்னான சுருதித் துள்ளலுக்கு, உயிரின் முதல் 20 அல்லது 30 மில்லி விநாடிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். தரவு சிறிதாக இருந்தால் ஒலிவாரியான சராசரிகளை எல்லாப் பேச்சாளர்களிடமிருந்தும் திரட்டிக்கொண்டு, பேச்சு வேகத்தை மட்டும் ஆள்வாரியாகச் சரிசெய்தால் போதும்.

அறிகுறி: அழுத்தம் சரியாகக் கண்டறியப்படுகிறது, ஆனால் ஓர் அசை தள்ளி

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, எல்லைகள் தவறியிருப்பது. ஒவ்வோர் ஒலியையும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கும் மார்க்கோவ் மாதிரியை 10 மில்லி விநாடிச் சட்டங்களோடு பயன்படுத்தும் அலைனர்களில் ஓர் ஒலியின் மிகக் குறைந்த நீளம் 30 மில்லி விநாடி. பேசுபவர் ஓர் உயிரை விழுங்கிவிட்டிருந்தாலும் உச்சரிப்பு அகராதியில் அது இருக்கிறது என்பதற்காக அலைனர் அதற்கு எங்கோ இடம் தேடிக் கொடுத்தாக வேண்டும். அது தரும் இடம் சரியாக அந்த 30 மில்லி விநாடிதான். ஆகவே எல்லைகள் எழுதப்படும் டெக்ஸ்ட்கிரிட் கோப்பில் வரிசையாக 30 மில்லி விநாடி நீளமுள்ள ஒலிகள் நின்றால், அந்தப் பகுதியில் பொருத்தம் தோற்றுவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய பகுதிகளைத் தானாக வடிகட்டிக் கையால் பார்ப்பதற்கு ஆகும் நேரம் வீண் போகாது. பேச்சை எழுத்தாக்கும் பெரிய மாதிரிகள் தரும் சொல் நேரக்குறிகளை அப்படியே எடுத்து அசை அளவிலான வேலைக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. துணைத்தலைப்பு இடுவதற்கு அவை போதும். ஓர் உயிரொலியின் நீளத்தை அளக்கப் போதா.

இரண்டாவது காரணம் நுட்பமானது, எல்லைகள் துல்லியமாக இருந்தாலும் வரக்கூடியது. சுருதியின் முகடு எப்போதும் அழுத்தம் பெற்ற அசைக்குள்ளேயே விழுவதில்லை. ஏற்றம் அந்த அசையில் தொடங்கி, உச்சி அடுத்த அசைக்குள் சென்று விழுவது ஆங்கிலத்தில் சாதாரணம். ‘அசைக்குள் உள்ள மிக உயர்ந்த சுருதி’ என்ற பண்பை மட்டும் வைத்திருக்கும் நிரல் அப்போது பக்கத்து அசைக்கே பரிசைக் கொடுக்கும். உயர்ந்த மதிப்பைக் காட்டிலும், ஏற்றம் எந்த அசையில் தொடங்குகிறது, சாய்வு எங்கே செங்குத்தாக உள்ளது என்பனவே நம்பத்தக்க பண்புகள். முகட்டைத் தேடும் சாளரத்தை அடுத்த அசையின் நடுப்பகுதி வரை நீட்டிப்பதும் உதவும்.

அறிகுறி: ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த கோப்பில் நன்றாக வருகிறது, கைபேசிப் பதிவில் வருவதில்லை

கைபேசிகளும் காணொளி அழைப்புச் செயலிகளும் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்துகின்றன. மெல்லப் பேசினால் உயர்த்தி, உரக்கப் பேசினால் தாழ்த்தும் அந்த வசதி, ஒலிச்செறிவு என்னும் குறிப்பையே துடைத்துவிடுகிறது. இரைச்சல் நீக்கியோ மெலிந்த அசைகளின் விளிம்புகளை அரித்து அவற்றின் நீளத்தைக் குறைத்துக் காட்டும். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்துவதால், நிறமாலைச் சாய்வைத் தாழ்ந்த பட்டையோடு ஒப்பிட்டு அளப்பதும் அங்கே பொருளற்றுப் போகிறது. 100 ஹெர்ட்ஸ் சுருதி கொண்ட ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணே அத்தடத்தில் வராது. ஆயினும் மேல் இசைவுகளின் இடைவெளி 100 ஹெர்ட்ஸாகவே இருப்பதால் தன்னொட்டுறவு முறை அதை மீட்டெடுத்துவிடும். எனவே தொலைபேசிப் பதிவுகளில் சுருதியையும் கால அளவையும் முதன்மையாகக் கொண்டு, செறிவை ஒதுக்கிவைப்பது சரி. நீங்களே பதிவு செய்பவராக இருந்தால், இந்த வசதிகளை அணைத்துவிட்டு, இழப்பில்லாத வடிவில் சேமிப்பதே எல்லாவற்றிலும் மலிவான திருத்தம்.

அறிகுறி: பேசுபவர் தெளிவாக வலியுறுத்துகிறார், நிரல் ஒன்றும் சொல்வதில்லை

அழுத்தம் என்பது ஒரே ஓர் ஒலியியல் அளவில் தங்கியிருப்பதன்று என்பதை இந்த அறிகுறி நினைவூட்டுகிறது. டெனிஸ் ஃப்ரை 1955-இல் செயற்கையாக உருவாக்கிய ‘ஆப்ஜெக்ட்’, ‘பெர்மிட்’ போன்ற சொற்களைக் கேட்போரிடம் கொடுத்துச் சோதித்தபோது, செறிவைவிடக் கால அளவே தீர்ப்பை அதிகம் மாற்றியது. 1958-இல் அவர் செய்த தொடர் ஆய்வில் சுருதி மாற்றம் இன்னும் வலுவானதாகத் தெரிந்தது. கோசான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் பிரித்தானியா, அயர்லாந்து ஆகியவற்றின் ஏழு ஆங்கில வட்டாரப் பேச்சுகளின் பதிவுகளை ஆராய்ந்து, உரப்பும் கால அளவுமே எடுப்பைக் காட்டுகின்றன, சுருதியின் பங்கு சிறிது என்றார்கள். இரண்டும் முரணாகத் தோன்றலாம். என் பார்வையில் முரண் பெரிதன்று: ஃப்ரை, ஒவ்வோர் அளவையும் தனியே மாற்றினால் செவி எதற்கு மசிகிறது என்று கேட்டார், கோசான்ஸ்கி, மக்கள் உண்மையில் பேசும்போது எது மாறுகிறது என்று கேட்டார். நிரல் எழுதுபவருக்கு இரண்டாவது கேள்வியே அன்றாடம் தேவைப்படுவது. சுருதி முகட்டை மட்டும் தேடும் நிரல், உயர்ந்த முகடு இல்லாமல் நீட்டியும் உரத்தும் சொல்லப்பட்ட சொற்களை வரிசையாகத் தவறவிடும்.

இன்னொரு மறைவான காரணமும் உண்டு. ஆங்கிலத்திலும் சீன மாண்டரினிலும் ஒரு சொல் வலியுறுத்தப்பட்டால், அதற்குப் பின்வரும் சொற்களின் சுருதி வீச்சும் செறிவும் சுருங்கிவிடுகின்றன. யீ ஷூ இதைக் குவியப் பின்சுருக்கம் என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வலியுறுத்தப்பட்ட சொல்லே பெரிதாக உயராமல், பின்னால் வருபவை தாழ்ந்துபோவதாலேயே அது எடுப்பாகக் கேட்கும் நேரங்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே வெட்டி எடுத்து வகைப்படுத்தியிடம் கொடுக்கும் அமைப்பு இதைப் பார்க்கவே முடியாது. இலக்குச் சொல்லின் அளவுகளோடு, முந்தைய ஒரு சொல்லிலிருந்தும் பிந்தைய இரண்டு மூன்று சொற்களிலிருந்தும் அது வேறுபடும் அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த ஒரு திருத்தம் தரும் பயன், மாதிரியை இருமடங்கு பெரிதாக்குவதால் கிடைப்பதைவிட மிகுதியாக இருப்பதையே பெரும்பாலும் காண்பீர்கள்.

அறிகுறி: சோதனையில் துல்லியம் உயர்வாக உள்ளது, பயன்பாட்டில் உதவவில்லை

முதலில், எதுவும் தெரியாத ஒரு விதி எவ்வளவு பெறுகிறது என்று பாருங்கள். ஆங்கில வாசிப்புப் பேச்சில் பெயர், வினை, பெயரடை போன்ற பொருட்சொற்களுக்கெல்லாம் அழுத்தம், இடைச்சொற்களுக்கு இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மதிப்பெண் வியக்கத்தக்க அளவு உயரும். ஜூலியா ஹிர்ஷ்பெர்க் 1993-இலேயே எழுத்தை மட்டும் கொண்டு சுருதியழுத்தத்தை நன்கு முன்கணிக்க முடியும் என்று காட்டிவிட்டார். எழுத்துப் பண்புகளையும் ஒலிப் பண்புகளையும் சேர்த்துப் பழக்கிய நிரல், ஒலியைக் கேட்காமலேயே விடையெழுதிக்கொண்டிருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க, ஒரே வாக்கியத்தை வெவ்வேறு சொற்களை வலியுறுத்திப் பேசிய பதிவுகளைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பதிவுகளுக்கும் விடை ஒன்றாகவே வந்தால் நிரலுக்குக் காது இல்லை.

அடுத்து, தரவைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். இத்துறையில் பெரிதும் பயன்படும் பாஸ்டன் பல்கலைக்கழக வானொலிச் செய்தித் தொகுப்பு 1990-களின் நடுவில் வெளிவந்தது. நான்கு ஆண்களும் மூன்று பெண்களுமாக ஏழு செய்தி வாசிப்பாளர்களின் ஏழு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு அதில் உள்ளது. அதன் ஆய்வகப் பகுதியில் ஒரே செய்திகளைப் பல வாசிப்பாளர்கள் படித்திருக்கிறார்கள். கோப்புகளைக் குலுக்கிப்போட்டுப் பழக்கத்துக்கும் சோதனைக்கும் பிரித்தால், சோதனையில் வரும் வாக்கியத்தை நிரல் வேறொரு குரலில் முன்பே பார்த்திருக்கும். பேச்சாளர், செய்தி ஆகிய இரண்டையும் பிரித்து வைத்தபின் துல்லியம் சில புள்ளிகள் இறங்கினால் வருந்த வேண்டாம். அதுவே உண்மையான எண்.

வலியுறுத்தலைத் தேடும் தரவில் வலியுறுத்தப்பட்ட சொற்கள் சிறுபான்மை. நூற்றில் ஐந்து சொற்களே அப்படிப்பட்டவை என்றால், எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று சொல்லும் நிரலும் 95 விழுக்காடு துல்லியம் காட்டும். அங்கே மொத்தத் துல்லியத்தை அறிக்கையில் எழுதுவதையே விட்டுவிட்டு, அந்தச் சிறுபான்மை வகையின் கண்டறி விகிதத்தையும் (உண்மையில் வலியுறுத்தப்பட்டவற்றில் நிரல் பிடித்தவை எத்தனை) சரிநிலை விகிதத்தையும் (நிரல் பிடித்தவற்றில் உண்மையானவை எத்தனை) மட்டும் எழுதுவது நேர்மை.

அறிகுறி: ஆங்கிலத்தில் பழகிய நிரல் தமிழ்ப் பேச்சில் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் அழுத்தம் காண்கிறது

நிரல் கெட்டுப்போகவில்லை, கேள்விதான் மொழிக்குப் பொருந்தவில்லை. ‘பெர்மிட்’ போல, அழுத்தம் இடம் மாறுவதால் மட்டும் பொருள் மாறும் சொற்கள் தமிழில் இல்லை. எலினர் கீன் 2006-இல் தமிழின் ஒலியெடுப்பைப் பற்றியும் பின்னர் அதன் சுருதியமைப்பைப் பற்றியும் எழுதிய ஆய்வுகள் இங்கே முதன்மையான வழிகாட்டிகள். தமிழில் சிறு தொடர்கள் தாழ்ந்த சுருதியில் தொடங்கி ஏறி முடிவது இயல்பு. ஆங்கிலத்துக்குப் பழகிய நிரல் அந்த ஏற்றத்தையே அழுத்தம் என்று எண்ணிக்கொள்கிறது.

கால அளவுப் பண்பும் இதேபோல் ஏமாற்றும். ‘பல்’, ‘பால்’ என்னும் சொற்களில் குறிலும் நெடிலுமே பொருளை வேறுபடுத்துகின்றன. ஒலிவாரியான சீராக்கத்தில் குறிலையும் நெடிலையும் ஒரே உயிராகக் கணக்கிட்டால், தமிழின் நெடில்கள் அனைத்தும் வலியுறுத்தப்பட்டவையாகிவிடும். இரட்டித்த மெய்களுக்கும் இதுவே பொருந்தும்: ‘படு’ என்பதிலும் ‘பட்டு’ என்பதிலும் உள்ள மெய்களைத் தனித்தனி ஒலிகளாகவே அகராதியில் வைக்க வேண்டும்.

தமிழர் ஒன்றை வலியுறுத்த விரும்பும்போது பெரும்பாலும் அதை எழுத்திலேயே காட்டிவிடுகிறார்கள். ‘முருகன் நேற்றுதான் வந்தான்’, ‘முருகன்தான் நேற்று வந்தான்’, ‘நேற்று வந்தது முருகன்’ என்பவற்றில் வலியுறுத்தப்படுவது எது என்பதை ‘தான்’ என்னும் இடைச்சொல்லும் சொல் வரிசையும் சொல்கின்றன. ஆகவே தமிழுக்கான முதல் திருத்தம், ‘தான்’, ‘ஏ’, ‘உம்’ ஆகியவற்றைப் பிரித்தறியும் ஓர் உருபனியல் படியை (சொல்லை அதன் உறுப்புகளாகப் பிரிக்கும் படியை) சேர்ப்பது. அதிலும் ‘ஏ’ தனியே கையாளப்பட வேண்டியது: ‘அவனே செய்தான்’ என்பது வலியுறுத்தல், ‘முருகனே!’ என்பது விளி, ‘சொன்னேனே’ என்பது கேட்பவருக்கு நினைவூட்டுவது. எழுத்து ஒன்றுபோல இருக்கும் இந்த இடங்களில்தான் ஒலிப் பண்புகள் தமிழில் உண்மையாகவே பயன்படுகின்றன.

எழுத்தில் தெரியாத வலியுறுத்தலும் தமிழ்ப் பேச்சில் உண்டு. ‘பெரிய’ என்பதைப் ‘பெரீய’ என்று நீட்டுவது உயிரில் நடப்பது. ‘ரொம்ப’ என்பதில் மகர மெய்யைப் பிடித்து நிறுத்தி விடுவது மெய்யில் நடப்பது. உயிர்களின் நீளத்தை மட்டும் அளக்கும் நிரலுக்கு இரண்டாவது வகை முற்றிலும் தெரியாது. மெய்களின் நீளத்தையும் அளந்து, அந்த மெய்யின் வழக்கமான நீளத்தோடு ஒப்பிடும் ஒரு பண்பைச் சேர்த்துவிடுங்கள். பேச்சுத் தரவுகளைப் பொதுவில் வழங்கும் ‘ஓப்பன்எஸ்எல்ஆர்’ களஞ்சியத்தில் 65 என்ற எண்ணில் உள்ளது போன்ற பொதுத் தமிழ்த் தொகுப்புகள் தனித்தனி வாக்கியங்களைப் படித்துப் பதிந்தவை. படிப்பவருக்கு எதையும் எவரிடமும் வலியுறுத்த வேண்டிய தேவை அங்கே இல்லாததால், இத்தகைய நீட்சிகளை அவற்றில் தேடுவது வீண். உரையாடலையும் மேடைப் பேச்சையும் பதிந்துதான் ஆக வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கு ஆங்கில உச்சரிப்புக் கற்பிக்கும் செயலிகளில் வேறொரு வடிவில் இதே சிக்கல் வருகிறது. மாணவர் பேசும் ஆங்கில உயிர்கள் அழுத்தமில்லாத இடத்திலும் தேய்ந்துபோகாமல் முழுமையாக ஒலிக்கின்றன. நிரல் எல்லா அசைகளையும் அழுத்தமுற்றவை என்று குறித்துவிட்டு, மாணவருக்கு ஒன்றும் விளங்காத ஒரு குறைந்த மதிப்பெண்ணைத் தருகிறது. அசைக்கு அசை ‘ஆம், இல்லை’ என்று கேட்பதை விடுத்து, ஒரு சொல்லுக்குள் எந்த அசை மற்றவற்றைவிட எடுப்பாக உள்ளது என்று ஒப்பிடச் செய்தால், மாணவரிடம் ‘இரண்டாம் அசையை இன்னும் நீட்டுங்கள்’ என்று சொல்லக்கூடிய ஒரு விடை கிடைக்கும்.

அறிகுறி: எதை மாற்றினாலும் மதிப்பெண் ஓர் எல்லைக்கு மேல் ஏறவில்லை

லேபிள்களைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் இது. ஒரே பதிவைக் கேட்கும் இருவர், எந்தச் சொல் வலியுறுத்தப்பட்டது என்பதில் எல்லா இடத்திலும் உடன்படுவதில்லை. இருவரின் உடன்பாட்டை, தற்செயலைக் கழித்துக் காட்டும் கப்பா அளவால் கணக்கிட்டுப் பாருங்கள். நிரலுக்கும் ஒருவருக்கும் இடையிலான உடன்பாடு அதை எட்டிவிட்டிருந்தால், அதற்கு மேல் உழைப்பது அந்த ஒருவரின் விருப்பு வெறுப்புகளைக் கற்றுக்கொடுப்பதாகவே முடியும். ஜெனிபர் கோல் வளர்த்தெடுத்த விரைவுக் குறியீட்டு முறை இங்கே பெரிதும் உதவும். பயிற்சி பெறாத பலர் பேச்சை ஓரிரு முறை மட்டும் கேட்டு, எடுப்பாகப் பட்ட சொற்களை எழுத்துப்படியில் அடிக்கோடிடுவார்கள். அடிக்கோடிட்டவர்களின் விகிதமே அந்தச் சொல்லின் மதிப்பு. ஆம், இல்லை என்ற இரண்டைக் கணிப்பதற்குப் பதிலாக இந்த விகிதத்தைக் கணிக்கும்படி நிரலை அமைத்தால், ஐயத்துக்கிடமான சொற்கள் பழக்கத்தைக் குலைப்பது நின்றுவிடும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் லேபிள்கள் எங்கிருந்து வந்தவை என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். 2019-இல் வெளிவந்த, எடுப்பான சொற்கள் குறிக்கப்பட்ட ஆங்கிலப் பேச்சின் ஹெல்சிங்கி தொகுப்பு மிகப் பெரியது, பயனுள்ளது. ஆனால் அதன் லேபிள்கள் மனிதர் கேட்டு இட்டவை அல்ல, அலைத்துணுக்கு உருமாற்றம் என்னும் ஒலியளவுப் பகுப்புக் கணக்கைக் கொண்டு நிரல் கணித்தவை. அதில் பழகிய மாதிரி அக்கருவியின் தீர்ப்புகளைக் கற்கும், அதன் பிழைகளையும் சேர்த்தே கற்கும். முன்பழக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். சோதனைக்கு மட்டும் மனிதர் கேட்டுக் குறித்த ஒரு சிறு தொகுப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: முழுக் கோப்பில் சரி, நேரடிப் பேச்சில் தவறு

சீராக்கத்துக்கு வேண்டிய சராசரியும் சரிவுக்கோடும் முழு வாக்கியமும் கைக்கு வந்தபின் கணக்கிடப்பட்டவை. நேரடிப் பேச்சில் அவை இன்னும் பிறக்கவில்லை. பேச்சாளரின் இடைநிலைச் சுருதியை முந்தைய பேச்சிலிருந்து ஓடும் கணக்காக வைத்துக்கொண்டு, முதல் சில வாக்கியங்களுக்கு மட்டும் தீர்ப்பை வெளியிடாமல் நிறுத்திவையுங்கள். பின்சுருக்கத்தைப் பார்க்க அடுத்த இரண்டு சொற்களாவது வர வேண்டும் என்பதால், சொல் முடிந்தவுடன் விடை தர வேண்டும் என்ற கட்டாயத்தைப் பயன்பாட்டின் வடிவமைப்பிலிருந்தே நீக்கிவிட வேண்டும். ஏறத்தாழ ஒரு விநாடி காத்திருக்க முடியாத பயன்பாடுகள் மிகச் சிலவே.